21 கிராமும் ஒரு நீல வாளியும்

ஆசிரியருக்கு,

வணக்கம். மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை ஆர்வமாக, அடுத்த தடவை எரிச்சலாக. 'இத்தனை பேர் சாட்சி சொன்ன பிறகு, உயிர் உடலைவிட்டுத் தனியே வெளியேறுகிறது என்பதில் இனிச் சந்தேகமே இல்லை' என்ற தொனியில் கட்டுரை முடிகிறது. அந்தச் சாட்சிகளில் நானும் ஒருவன். என்னைக் கூண்டில் ஏற்றாமலேயே என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொண்டதுபோல இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்கு வருடங்களுக்கு முன், மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது என் இதயம் நின்றுபோனது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று பிற்பாடு சொன்னார்கள். மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்து மீட்டார்கள். அந்த நேரத்தில் நான் கட்டிலில் இல்லை. அறையின் வலது மூலையில், கூரையை ஒட்டினாற்போல் இருந்தேன். சினிமாவில் வருவதுபோலப் புகையாக மிதக்கவெல்லாம் இல்லை. கூட்டமான இடத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்போமே, அப்படி. கீழே ஒருவர் ஒரு மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். அது என்னுடையது என்று தெரிந்தது, ஆனால் பதற்றம் வரவில்லை. எதிரே ஒரு இரும்பு அலமாரி. அதன் உச்சியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி, கைப்பிடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்குப் படாத இடம் அது. "மோதிரத்தைக் கழட்டுங்க, விரல் வீங்கிடும்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

கண் விழித்த மறுநாள் மருத்துவரிடம் சொன்னேன். "மருந்து மயக்கம், பெரிசா எடுத்துக்காதீங்க" என்று ஃபைலை மூடிவிட்டுப் போனார். பார்க்க வந்த உறவினர் ஒருவரிடம் சொன்னேன். "எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை!" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இரண்டு பேருமே அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அங்கிருந்து வார்டுக்கு மாற்றுகிற நாளில் எனக்குப் பொறுக்கவில்லை. துடைக்க வந்த அம்மாவிடம், அலமாரிமேல் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கெஞ்சினேன். ஸ்டூல் போட்டு ஏறினார். "ரெண்டு பழைய ஃபைல் அட்டை கெடக்கு சார், வேற ஒண்ணும் இல்ல." வாளி? "வாளியா? இங்க எதுக்கு வாளி?" யாராவது நடுவில் எடுத்திருக்கலாம் என்று என் மனம் அடுத்த நொடியே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. அதையும் கேட்டேன். அவர் அலமாரியின் மேலே விரலை ஓட்டி, அப்பிக்கொண்ட தூசியை என் முகத்துக்கு நேரே காட்டினார். மாதக்கணக்கில் யாரும் கை வைக்காத தூசி. ஆனால் மோதிரக் கதை உண்மை. அப்படிச் சொன்ன செவிலியர், ஆமாம், நான்தான் சொன்னேன் என்றார். காதில் விழுந்தது சரி, கண்ணால் 'பார்த்தது' தப்பு. என் வழக்கு இவ்வளவுதான்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். உயிரின் எடை 21 கிராம் என்று அதில் அடித்துச் சொல்லியிருக்கிறது. அந்த எண், டங்கன் மக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1907இல் வெளியிட்ட சோதனையிலிருந்து வந்தது. இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் வைத்து நிறுத்தார். ஆறில் இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார். ஒருவருக்குத் தராசு சரியாக அமையவில்லை, இன்னொருவர் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் இறந்துவிட்டார். மீதி நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் நோயாளிக்கு முக்கால் அவுன்ஸ் குறைந்தது, அதுதான் 21 கிராம். ஆக, உலகம் முழுக்கச் சுற்றும் அந்த எண் ஒரே ஒரு ஆளின் எண். பிறகு 15 நாய்களையும் நிறுத்துப் பார்த்து, எடை குறையாததால் நாய்க்கு ஆன்மா இல்லை என்ற முடிவுக்கு வந்தார். நாய் வளர்க்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள்!

நெதர்லாந்தில் பிம் வான் லோமல் குழு நடத்திய ஆய்வையும் கட்டுரை பாதியில் விட்டுவிட்டது. பத்து மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரிடம் பேசி 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. இப்படி ஏதாவது அனுபவம் இருந்ததாகச் சொன்னவர்கள் 62 பேர், அதாவது 18 சதவீதம். மற்ற 282 பேருக்கு ஒன்றும் நினைவில் இல்லை. வெளியேறுவது உயிரின் இயல்பு என்றால் அவர்களுடைய உயிர் அந்நேரம் எங்கே போயிருந்தது என்று கட்டுரையாளர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

என் வாளிச் சோதனையை முறையாகவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு மருத்துவமனைகளில் உயரத்தில் பலகை அடித்து, கூரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அதன்மேல் படங்களை வைத்தது. படித்தபோது, நம்மைப்போலவே யோசித்திருக்கிறார்களே என்று ஒரு அற்ப சந்தோஷம். 2014இல் முடிவுகள் வந்தன. பதிவான, இதயம் நின்றுபோன நிகழ்வுகள் 2,060. பிழைத்து, பேசுகிற நிலையில் பேட்டி கொடுத்தவர்கள் 140 பேர். ஆனால் முக்கால்வாசிக்கு மேலான நிகழ்வுகள் பலகை அடிக்காத அறைகளில் நடந்தன. பலகையில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சுற்றி நடந்ததை ஒருவர் மட்டும் ஓரளவு சரியாக விவரித்தார், அவருக்கும் பலகை இல்லாத அறைதான் வாய்த்தது. நம்புகிறவர், நம்பாதவர் இரண்டு பேருமே பல்லைக் கடிக்க வேண்டிய முடிவு.

2002இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது இன்னும் விசேஷம். ஓலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணின் மூளையில் மின்முனைகளை வைத்திருந்தார்கள். வலது பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட மடிப்பில் லேசாக மின்சாரம் பாய்ச்சியபோது, கட்டிலுக்குள் அமிழ்வதுபோல இருக்கிறது என்றார். கொஞ்சம் கூட்டினார்கள். மேலிருந்து என்னையே பார்க்கிறேன், ஆனால் கால்களும் உடம்பின் கீழ்ப்பகுதியும் மட்டும்தான் தெரிகின்றன என்றார். நிறுத்தினால் நின்றது, மறுபடி பாய்ச்சினால் மறுபடி வந்தது. உடம்பு எங்கே இருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று மூளை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு அந்த இடத்தில் தடுமாறுகிறது. காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை வைத்து என் மூளை முழு அறையையும் கட்டி, உச்சியில் ஒரு வாளியையும் வைத்திருக்கிறது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

ஊருக்கு ஊர் காட்சி மாறுவதும் யோசிக்க வைக்கிறது. சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயான் ஸ்டீவன்சனும் இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களைத் தொகுத்து 1986இல் வெளியிட்டார்கள். தூதர்கள் வந்து கூட்டிப்போவார்கள், மேலே ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள், 'இவன் இல்லை, ஆள் மாறிவிட்டது' என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கேயும் குமாஸ்தா தப்பு! தன் உடலை மேலிருந்து பார்த்ததாக அவர்கள் சொல்லவில்லை. அமெரிக்கர்களிடம்தான் அது அதிகம். நான் இந்தப் பக்கத்து ஆள், எனக்கோ எந்தத் தூதரும் வரவில்லை. பார்த்த சினிமாக்களின் வேலையோ என்னவோ.

இதையெல்லாம் வைத்து, செத்தபின் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. அப்படி எழுதினாலும் இதே எரிச்சலோடுதான் கடிதம் போட்டிருப்பேன். நாங்கள் யாரும் செத்தவர்கள் அல்ல. இதயம் நின்றவுடன் மூளை அணைந்துவிடுவதில்லை. செயற்கைச் சுவாசத்தை நிறுத்திய நான்கு நோயாளிகளில் இரண்டு பேரின் மூளையில் அந்தக் கடைசிக் கட்டத்தில் மின் அலைகள் திடீரென்று பெருகியதை 2023இல் பதிவு செய்தார்கள். அவர்கள் எதைக் கண்டார்களோ, திரும்பி வந்து சொல்ல அவர்கள் இல்லை. எங்கள் கதை வாசல்படியோடு முடிகிற கதை. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களைக் கேட்டுப் பயனில்லை.

நெதர்லாந்து ஆய்வில் நீங்கள் விட்டுவிட்ட இன்னொரு விஷயமும் உண்டு. அந்த அனுபவம் இருந்தவர்களை இரண்டு வருடம் கழித்தும் எட்டு வருடம் கழித்தும் தேடிப்போய்ப் பேசினார்கள். அவர்களுக்குச் சாவு பயம் குறைந்திருந்தது. எனக்கும் அப்படியே. வாளி இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் திரும்பவில்லை. இது ஏன் என்று என்னால் விளக்க முடியவில்லை, விளக்கம் கேட்டு என்னிடம் இதுவரை யாரும் வரவுமில்லை. அலமாரிமேல் ஏறிப் பார்க்கச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லாவிட்டால் சாமியார் ஆக்கிவிடுவார்கள் என்று பயந்து என்னைப்போல் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள். அவர்களிடம் என்ன பார்த்தீர்கள், எது சரியாக இருந்தது, எது தப்பாகப் போனது என்று கேட்டு எழுதுங்களேன்.

அதற்குள் அந்த 21 கிராமுக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். கடிதத்தைப் பிரசுரித்தால் பெயர் வேண்டாம். மோதிரக் கதையை என் மனைவி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாளியைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்