சொந்தச் செயலிக்கு முன் சரியான இணையதளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் பொருள் விற்கும் சிறு வணிகர் ஒவ்வொருவரும் சொந்தமாக மொபைல் செயலி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அதை நம்பி இளம்பிள்ளை சேலை வியாபாரியும் சென்னிமலை பெட்ஷீட் வியாபாரியும் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம். பெரும்பாலான சிறு கடைகளுக்கு முதலில் வேண்டியது, மொபைலில் ஒழுங்காக ஓடும் இணையதளம். செயலி வேண்டுமா என்பது வாடிக்கையாளர் எவ்வளவு அடிக்கடி திரும்பி வருகிறார் என்பதைப் பொறுத்தது.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2015 மே மாதம், ஆடைகள் விற்கும் இணையக் கடையான மிந்த்ரா தன் இணையதளத்தை மூடிவிட்டு, இனிமேல் செயலியில் மட்டும்தான் விற்பனை என்று அறிவித்தது. 2016 ஜூனில் கணினிக்கான தளத்தைத் திரும்பவும் திறந்தது. அதன் தாய் நிறுவனமான ஃப்ளிப்கார்ட்டும் மொபைல் தளத்துக்கு வந்தவர்களைச் செயலிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் ‘ஃப்ளிப்கார்ட் லைட்’ என்ற பெயரில், குரோம் போன்ற உலாவிக்குள்ளேயே செயலி போல இயங்கும் தளத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தளத்தின் ஐகானை முகப்புத் திரையில் வைத்துக்கொண்டவர்கள் வாங்கும் விகிதம் 70 சதவீதம் கூடுதல் என்று அப்போது சொன்னார்கள். ஐகானை வைத்துக்கொள்கிறவர் ஏற்கெனவே அந்தக் கடையை விரும்புகிறவர் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம் கடைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் விளம்பரத்துக்கு அத்தனை பணம் இறைக்க முடிந்த நிறுவனங்களாலேயே வாடிக்கையாளரைச் செயலிக்குள் கட்டாயமாக இழுக்க முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடிவெடுக்க ஒரு எளிய வழி உண்டு. கடந்த ஆறு மாத ஆர்டர்களை எக்செல்லில் போட்டு, மொபைல் எண் வாரியாகத் தொகுத்துப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர்? மளிகை, பால், மருந்து, குழந்தைகளுக்கான டயப்பர் விற்பவருக்கு இந்த எண்ணிக்கை கணிசமாக இருக்கும்; அவர் செயலியைப் பற்றி யோசிக்கலாம். கல்யாணப் பட்டு விற்பவரிடம் ஒரு குடும்பம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஒரு சேலைக்காக யாரும் செயலியை இறக்கி, போனில் இடம் கொடுத்து வைத்திருக்க மாட்டார்கள். மேலும், அவர்கள் கடைக்கு வந்து சேரும் பாதை கூகுள் தேடல், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றும் இணையப் பக்கத்தைத்தான் திறக்கின்றன. நடுவில் “முதலில் செயலியை இறக்குங்கள்” என்று மறித்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

சரி, நல்ல மொபைல் தளம் என்றால் என்ன? முதலில் படங்கள். போனில் எடுத்த சேலைப் படம் ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அதை அப்படியே ஏற்றி, ஒரு பக்கத்தில் இருபது சேலைகளைக் காட்டினால் தளம் நகராது. பட்டியல் பக்கத்துக்கு 600 முதல் 800 பிக்சல் அகலத்தில், கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்தில், படத்துக்கு 100 கேபிக்குள் அடக்க வேண்டும். ஜரிகையைப் பெரிதாக்கிப் பார்க்கும் படம், வாடிக்கையாளர் தொட்ட பிறகு இறங்கினால் போதும். கீழே உள்ள படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது ஏற்றும் வசதியைப் பலரும் முதல் படத்துக்கும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். அதனால் பக்கத்தின் முக்கியப் படமே தாமதமாக வருகிறது. முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அலுவலக வைஃபையில் சோதிக்காமல், சாதாரண ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது, தளத்தைச் செயலி போல இயக்கும் ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற கோப்பு. ஒருமுறை வந்த பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைத்து, அடுத்த முறை உடனே காட்டுவது இதுதான். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, விலையையும் இருப்பையும் சேர்த்துச் சேமித்துவிடுவது. நேற்று 1,450 ரூபாய் இருந்த சேலை இன்று 1,650 ஆகியிருக்கும். வாடிக்கையாளர் போனில் பழைய விலையே தெரியும், பணம் கட்டும்போது புதிய விலை வரும். சண்டை அங்கேதான் தொடங்கும். லோகோ, எழுத்துரு, வடிவமைப்புக் கோப்புகள், சேலைப் படங்கள் ஆகியவற்றைச் சேமிக்கலாம். விலை, இருப்பு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் தளத்தை இயக்கும் மையக் கணினியான சர்வரிடம் கேட்க வேண்டும். வாங்கத் தேர்ந்தெடுத்த பொருட்களைக் காட்டும் கார்ட், பணம் செலுத்தும் பக்கம் இரண்டையும் சேமிக்கவே கூடாது.

பணம் செலுத்தும் இடத்தில்தான் அதிகமான ஆர்டர்கள் தொலைகின்றன என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மொபைல் தளத்தில் யுபிஐ பொத்தானைத் தொட்டதும் கூகுள் பே, போன்பே போன்ற செயலி திறக்கிறது. வாடிக்கையாளர் பின் நம்பர் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறார். பிறகு கடைப் பக்கத்துக்குத் திரும்பாமல் போனை வைத்துவிடுகிறார். அல்லது போனில் நினைவகம் குறைவு என்பதால் பின்னால் இருந்த உலாவியை ஆண்ட்ராய்டே மூடிவிடுகிறது. “பணம் வந்துவிட்டது” என்ற தகவலை வாடிக்கையாளரின் உலாவி வந்து சொல்லும் என்று நம்பி எழுதிய தளத்தில், பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. இதற்குத் தீர்வு, பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் ‘வெப்ஹூக்’ தகவலை வைத்து ஆர்டரை உறுதி செய்வது. அந்தத் தகவல் உண்மையாகவே அவர்களிடமிருந்துதான் வந்ததா என்று அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரே தகவல் இரண்டு முறை வருவதும் உண்டு. அப்போது இரண்டு ஆர்டராகப் பதிவாகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்ஹூக்கே வராமல் போனால், கால் மணி நேரம் கழித்து நம் சர்வர் தானாகவே பேமென்ட் நிலையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதுவரை அந்தச் சேலையை இன்னொருவருக்கு விற்றுவிடக் கூடாது. செயலி செய்தாலும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. இது முழுக்க சர்வர் பக்கத்து விஷயம்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டு வருகிறவர், குரோமுக்கு வராமல் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் உலாவியில்தான் கடையைப் பார்க்கிறார். அங்கே யுபிஐ செயலி திறக்காமல் நின்றுவிடுவது உண்டு. குரோமுக்கு மாறினால் கார்ட் காலியாக இருக்கும், ஏனென்றால் உலாவி தளத்துக்காகச் சேமித்து வைக்கும் சிறு தகவல்களான குக்கிகள் இரண்டிலும் தனித்தனி. பதிவு செய்யாமலே மொபைல் எண்ணை மட்டும் கொடுத்து வாங்கும் வசதியும், கார்ட்டைத் திரும்பத் திறக்கும் ஒரு லிங்கும் இருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

இப்போது எங்களை இதை எழுத வைத்த முக்கியமான விஷயம். சந்தையில் குறைந்த விலைக்கு விற்கப்படும் “கடைச் செயலி”களில் பலவும் உண்மையில் போனுக்கென்றே தனியாக நிரல் எழுதிய நேட்டிவ் செயலிகளே அல்ல. இருக்கிற இணையதளத்தை ‘வெப்வியூ’ என்ற சட்டத்துக்குள் மாட்டி, மேலே ஒரு ஐகான் வைத்துக் கொடுக்கிறார்கள். இணையதளத்தில் நன்றாக ஓடிய பல வசதிகள் இதற்குள் வந்ததும் நின்றுவிடும். யுபிஐ பொத்தானைத் தொட்டால் ‘அன்நோன் யூஆர்எல் ஸ்கீம்’ என்று பிழை காட்டும். யுபிஐ லிங்க்கை வெளிச் செயலிக்கு அனுப்பும்படி தனியாக நிரல் எழுதாததுதான் காரணம். கூகுள் கணக்கு வழியே உள்நுழைவதை வெப்வியூவுக்குள் கூகுளே தடுத்து வைத்திருக்கிறது. கிழிந்து வந்த சேலையின் படத்தை அனுப்ப “படம் சேர்க்க” என்பதைத் தொட்டால் எதுவும் நடக்காது. பில்லின் பிடிஎஃப் இறங்காது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகாமல் செயலியே மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது, ஆனால் அதற்கான நிரலை எழுதினால்தான் உண்டு. பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் உங்கள் போனில் நீங்களே செய்து பாருங்கள். ஆப்பிளோ, வெறும் இணையதளத்தைச் சுற்றி வைத்த செயலியைத் தன் குறைந்தபட்சச் செயல்பாட்டு விதியைக் காட்டி நிராகரித்துவிடும்.

பிளே ஸ்டோரில் கடையின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால் இதைவிட நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ‘டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி’ என்ற முறையில் தளத்தைக் குரோமின் இயந்திரத்திலேயே முழுத் திரையில் ஓடவிடலாம். குக்கிகள் குரோமுடன் பொதுவாக இருக்கும், யுபிஐ லிங்க்கும் குரோமில் போலவே வேலை செய்யும். கூகுளின் ‘பபிள்ராப்’ என்ற இலவசக் கருவியே இதற்குப் போதும். செயலியும் தளமும் ஒருவருடையதே என்று காட்ட, செயலியின் கையொப்பச் சாவியை அடையாளம் காட்டும் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை எழுதிய ‘அசெட்லிங்க்ஸ்’ கோப்பைத் தளத்தில் வைக்க வேண்டும். இங்கே பலர் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்: தங்கள் கணினியில் உள்ள சாவியின் கைரேகையைப் போட்டுவிடுகிறார்கள். பிளே ஸ்டோர் அந்தச் செயலியைத் தன்னிடம் உள்ள வேறு சாவியால் மறுபடி கையொப்பமிட்டுத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறது. சோதனையில் சரியாக ஓடிய செயலி, ஸ்டோரிலிருந்து இறக்கியதும் மேலே முகவரிப் பட்டையைக் காட்டினால் காரணம் இதுதான். செயலியை வெளியிட்டு நிர்வகிக்கும் பிளே கன்சோலில் ‘ஆப் சைனிங்’ பகுதியில் இருக்கும் கைரேகையை எடுத்துப் போட்டால் பட்டை மறைந்துவிடும்.

ஐபோனில் வேறு விதமான வரம்புகள். தளத்தின் வழியே நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதி 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 உடன்தான் வந்தது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவருக்கு மட்டும். சஃபாரியில் ஏழு நாள் பயன்பாட்டுக்குள் தளத்தைத் தொடாவிட்டால், தளம் உலாவியில் எழுதி வைத்த தகவல்கள் அழிந்துவிடும். ஆகவே கார்ட்டை உலாவியில் வைக்காமல் சர்வரில் வையுங்கள்.

நேட்டிவ் செயலி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் தவறாமல் வாங்கும் வாடிக்கையாளர்கள் இருந்தால், அல்லது டெலிவரி ஊழியரின் இருப்பிடத்தைத் திரை அணைந்திருக்கும்போதும் பின்தொடர வேண்டும் என்றால், அதற்கு ஈடு இல்லை. ஒரு தவறான பயத்தையும் தீர்த்துவிடலாம்: ஸ்டோர்கள் எடுக்கும் 30 சதவீதம் வரையிலான கமிஷன் டிஜிட்டல் பொருட்களுக்குத்தான். சேலை, பருப்பு போன்ற பொருட்களுக்கு ஆப்பிளும் கூகுளும் கமிஷன் எடுப்பதில்லை. யுபிஐ, கார்டு எதையும் வைத்துக்கொள்ளலாம். கணக்குக் கட்டணம் கூகுளில் ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். நிறுவனத்தின் பெயரில் தொடங்க, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் (D-U-N-S) எண் கேட்பார்கள்.

உண்மையான செலவு இதற்குப் பிறகுதான். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் செயலியைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் புதிய போன் வாங்கியவர்களுக்கு அது ஸ்டோரில் கிடைக்காமல் போகும். டெலிவரி கட்டணம் தவறாகக் கணக்கிடப்பட்டால் தளத்தில் சில நிமிடத்தில் திருத்திவிடலாம். அந்தக் கணக்கைச் செயலிக்குள் எழுதியிருந்தால், ஸ்டோர் பரிசீலித்து அனுமதித்த பிறகும் பழைய பதிப்பைப் புதுப்பிக்காதவர் போனில் அதே தவறு தொடரும். எனவே விலை, வரி, கட்டணம் எல்லாவற்றையும் சர்வரே கணக்கிட வேண்டும். பழைய பதிப்பைத் திறந்தால் புதுப்பிக்கச் சொல்லும் வசதியை முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். நோட்டிஃபிகேஷனைக் காட்டிச் செயலியை விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இலிருந்து, செயலியும் அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடியும். கடையைத் திறந்த நொடியிலேயே கேட்டால் மறுத்துவிடுவார்கள். முதல் ஆர்டர் முடிந்ததும், “பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கலாமா” என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஒப்பந்தம். செயலியைத் தங்கள் சொந்தக் கணக்கிலேயே வெளியிட்டுக் கொடுக்கும் மென்பொருள்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நாளை மனஸ்தாபம் வந்தால், அவர்கள் ஒப்புதல் இல்லாமல் செயலியை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை வெளியிட்டால் பழைய மதிப்பீடுகளும் வாடிக்கையாளர்களும் கூட வர மாட்டார்கள். டொமைன், சர்வர், பிளே கன்சோல், ஆப்பிள் கணக்கு, பேமென்ட் கணக்கு, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பத் தேவையான டிஎல்டி பதிவு ஆகிய ஆறும் கடைக்காரர் பெயரில், கடைக்காரரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மூல நிரலையும் கையொப்பச் சாவியையும் அதன் கடவுச்சொல்லோடு ஒப்படைப்பதாக, முதல் தவணை கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இணைய வணிக மென்பொருள் பணியில் உள்ள வாசகர்கள்,
ஈரோடு.