மருந்து வழக்கில் முதல் சாட்சி கடை பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருமல் மருந்து குடித்துச் செத்த குழந்தைகளின் பெற்றோர் கம்பெனி மீது கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும், அமெரிக்காவாக இருந்தால் இந்நேரம் போட்டிருப்பார்கள் என்று உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. போடத்தான் வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட வழக்கு பாதிக்குப் பாதி மருந்துக்கடை கவுன்ட்டரிலேயே தோற்றுப்போகிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் நான் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் நானும் என் வீட்டுக்காரரும் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறோம். டி.ஃபார்ம் படித்தது நான். சுவரில் தொங்குகிற சர்ட்டிஃபிகேட்டும் என்னுடையதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல கடைகளில் சர்ட்டிஃபிகேட் மட்டும்தான் தொங்கும், அதற்குரிய ஆள் வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் கூட்ட நேரத்தில் ஒருவர் வருகிறார். காய்ச்சலுக்கு நாலு மாத்திரை, பிள்ளைக்கு ஒரு சிரப். "பில் போடட்டுமாண்ணே?" என்று கேட்டால், "நாலு மாத்திரைக்கு எதுக்குக்கா பில்லு, சட்டுனு குடுங்க" என்பார். பின்னால் நிற்கிறவருக்கும் அவசரம். பல கடைகளில் அந்தக் கேள்வியே வராது. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுப்பார்கள், அல்லது வாயால் சொல்லிவிட்டுக் காசை வாங்கிப் போடுவார்கள்.

அந்த நாலு மாத்திரையை எப்படி வெட்டுகிறோம் என்று என்றாவது கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலான அட்டைகளில் பேட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடுகிற எண்) எக்ஸ்பைரியும் ஒரு ஓரத்தில்தான் அடித்திருக்கும். எதிர்ப்பக்க ஓரத்திலிருந்துதான் கத்தரிக்கோல் போடுவோம், அப்போதுதான் மிச்ச அட்டையில் எக்ஸ்பைரி தெரியும். கடைக்கு அது சரிதான், அப்படித்தான் செய்தாக வேண்டும். ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர் கையில் இருக்கிற துண்டில் பாதி மருந்துப் பெயரும் மாத்திரையும் மட்டும்தான் இருக்கும். எந்த ஆலையில், எந்த முறை தயாரித்தது என்று அதை வைத்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. பில் இருந்தால் அதில் பேட்ச் ஏறியிருக்கும். பில்லும் இல்லை என்றால் அந்த மாத்திரை அநாதை.

டாக்டர் சீட்டுக்கு விற்கிற மருந்துக்குத் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் பதிவாக வேண்டும் என்று மருந்து விதிகளிலேயே இருக்கிறது. அதனால் பில் கேட்பது கடைக்காரரிடம் சலுகை கேட்பது ஆகாது.

2025 அக்டோபரில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். குடித்தது கோல்ட்ரிஃப் சிரப். தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் சாம்பிள் எடுத்துப் பார்த்ததில் எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதித்த அளவு 0.1 சதவீதம். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த எண்ணைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைகால் ஊற்றுவார்கள். மருந்துக்கென்று வருகிற தரத்தை வாங்காமல் மற்ற தொழிற்சாலைகளுக்குப் போகிற மலிவுச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். நிறம் கிடையாது, நாக்குக்கு இனிக்கும். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். 1937-ல் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் இதனால்தான் செத்தார்கள். 1972-ல் சென்னையிலேயே குழந்தைகள் செத்தார்கள். அதற்கப்புறம் மும்பை, குர்கான், ஜம்மு. ஒவ்வொரு தடவையும் புதிதாக அதிர்ச்சி அடைகிறோம்.

மொத்த விசாரணையும் எஸ்ஆர்-13 என்ற அந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நடந்தது. அந்த வாரம் எங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் "இந்த பேட்ச் இருந்தால் விற்காதீர்கள், தகவல் சொல்லுங்கள்" என்று வந்துகொண்டே இருந்தது. எங்கள் கடையில் அந்த மருந்து எப்போதும் வைத்ததில்லை. ஆனாலும் கம்ப்யூட்டரில் தேடினேன். பேட்ச் எண்ணைத் தட்டினால் எந்த ஸ்டாக்கிஸ்ட்டிடம் (மொத்த வியாபாரியிடம்) எப்போது வாங்கினோம் என்று வரும். யாருக்கு விற்றோம் என்பதும் வரும், பெயரும் போன் நம்பரும் போட்டு பில் அடித்திருந்தால். பில் இல்லாத விற்பனையில், அந்த பாட்டில் எந்த வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

இனி வழக்கு. சட்டம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் குறைபாடுள்ள பொருளால் உடம்புக்கோ உயிருக்கோ கேடு வந்தால் தயாரித்தவரும் விற்றவரும் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. 2020 ஜூலையிலிருந்து அமலில் உள்ளது. அதில் ஒரு வேடிக்கை. எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை நீங்கள் கேட்கிற நஷ்டஈட்டை வைத்துப் பார்ப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த காசை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு பாட்டில் சிரப் நூறு ரூபாய்க்குள் என்றால், ஒரு கோடி கேட்டாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "கொடுத்த காசு" என்பதற்கு என்ன அத்தாட்சி? மறுபடியும் பில்லுக்கே வந்துவிட்டோம். கம்பெனி வக்கீல் எழுந்து முதலில் கேட்கப்போவது "இது எங்கள் மருந்துதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதைத்தான். அப்புறம், பொருளில் குறை இருக்கிறதா என்று பார்க்க ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்கு மிச்ச மருந்து வேண்டுமே. குழந்தைக்கு ஏதாவது ஆனதும் நம் வீடுகளில் முதலில் செய்கிற காரியம், ஆத்திரத்தில் பாட்டிலைத் தூக்கி வெளியே எறிவது. அந்த நேரத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் வேறு யாராவது ஒருவர் அதை எடுத்து, மூடியை இறுக்கி, லேபிளோடு பத்திரப்படுத்தினால் போதும். போலீஸோ டிரக் இன்ஸ்பெக்டரோ கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பேட்ச் எண் எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் பில் எல்லாம் இப்போது தெர்மல் பேப்பர். பர்ஸில் கொஞ்ச நாள் கிடந்தால் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

மருந்துக்கே இப்படி என்றால் உடம்புக்குள் வைக்கிற கருவிகளின் கதை இன்னும் மோசம். எங்கள் கடைக்கு வருகிற ஒரு தச்சாசாரியின் அப்பாவுக்கு வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் மூட்டு ஆட்டம் கண்டு, அவர் மறுபடி படுத்துவிட்டார். மகன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று, எந்தக் கம்பெனி மூட்டு, என்ன லாட் நம்பர் (மருந்துக்குப் பேட்ச் நம்பர் மாதிரி)? டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூட்டு மாற்று சிகிச்சை செய்யப்பட்டது" என்று ஒரு வரிதான் இருந்தது. பில்லில் "இம்ப்ளான்ட்" என்று போட்டு ஒரு தொகை. மருத்துவமனையில் போய்க் கேட்டால் ஃபைல் ரெக்கார்டு ரூமில் இல்லை என்றார்கள். அந்த மனிதர் அந்த பில்லை என்னிடம் நீட்டி, "இதுல எங்கயாச்சும் இருக்கா பாருங்கக்கா" என்று கேட்டார். நான் என்னத்தைப் பார்ப்பது? ஒவ்வொரு மூட்டு, ஸ்டென்ட், லென்ஸ் பெட்டிக்குள்ளும் உரித்து ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர் வரும். கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அதை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதில் ஒன்றை நோயாளி ஃபைலிலும் ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சம்மரி கையில் வந்த அன்றே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வாசகர் அமெரிக்காவைச் சொன்னாரே, அங்கே நடந்ததும் இதே விஷயத்தில்தான். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம் டெப்யூ தயாரித்த ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டு உரசி உரசி ரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் ஏறியது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். 2013-ல் அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்கு ஏறக்குறைய 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அந்த மூட்டுப் பொருத்தியிருந்தது. 2018-ல்தான் மத்திய அரசுக் குழு ஒரு கணக்குப் போட்டு, ஆளுக்கு 30 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 23 லட்சம்வரை என்றது. அப்போது பார்த்தால் அந்த 4,700 பேரில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நஷ்டஈட்டுக் கணக்கு தயார், வாங்க வேண்டிய ஆள் யார் என்று தெரியாது!

சிரப் விஷயத்தில் இதுவரை பணம் வந்த வழியையும் பாருங்கள். ஜம்முவின் ராம்நகரில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இதே விஷத்தால் குழந்தைகள் இறந்தார்கள். குடும்பத்துக்கு 3 லட்சம் கொடுக்கச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம். கொடுக்கச் சொன்னது அரசை. அரசோ அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. சிந்த்வாராவிலும் 4 லட்சம் அறிவித்தது மாநில அரசுதான். விஷம் விற்றவன் வாங்கிய காசுக்கு நம் வரிப்பணம் பரிகாரம் செய்கிறது. கலப்பட மருந்தால் சாவு நேர்ந்தால் பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அது பாதிக்கப்பட்டவருக்கே போக வேண்டும் என்று மருந்துச் சட்டத்தில் 2008-லேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அது தண்டனை உறுதியான பிறகு. அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்து டயாலிசிஸ் கடனை அடைக்கும்?

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து வாங்குகிறவர்கள் பாடு தனி. எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னதை எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும். அவர்களுக்குக் கொடுக்கிற சீட்டிலாவது பேட்ச் எண்ணை எழுதிக் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் இருக்கிற எண்தானே.

சக கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 2019 சட்டத்தில், தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டாலோ அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ விற்றவர்தான் பொறுப்பு என்று இருக்கிறது. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஸ்டாக்கிஸ்ட்டிடம் பில் இல்லாமல் சரக்கு எடுக்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டு எடுக்கட்டும்.

கடைசியாக, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒரு கோரிக்கை. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மருந்து வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அதை அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். இப்படி ஒரு வழி இருப்பது என் கடைக்கு வருகிற வாத்தியார்களுக்கே தெரியாது. அந்த விண்ணப்பப் படிவம், கட்டணம், எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்ற விவரம் மூன்றையும் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பிலும் ஒட்டச் சொல்லி உத்தரவு போடுங்கள். லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டச் சொல்கிறீர்கள், அதற்குப் பக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது. துறை உத்தரவு போடும்வரை நீங்களாவது ஒரு நாள் உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். வெட்டி எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே நான் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சங்கரன்கோவில்.

(பெயர் போட வேண்டாம். நாளைக்கும் ஸ்டாக்கிஸ்ட்டுகளிடம்தான் சரக்கு எடுக்க வேண்டும்.)