அந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பதைக் கண்டுபிடிக்க உதவிய உங்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். போன ஆடி மாதம் என் வலது கண்ணில் சிவப்பு வெளுத்துப்போனது. வாசல் செம்பருத்தி, பலமுறை துவைத்த சேலையின் நிறத்தில் தெரிந்தது. கண்ணை அசைத்தால் வலி. முதலில் போன இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த கண் மருத்துவர், பார்வை நரம்பு வீங்கியிருக்கலாம் என்று அன்றைக்கே தலைக்கும் தண்டுவடத்துக்கும் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். கண்ணுக்கு எதற்குத் தலை ஸ்கேன் என்று அப்பா கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். டாக்டர், முதல் நன்றி உங்களுக்கு.

ஸ்கேன் அறை அக்காவுக்கு அடுத்தது. அந்தக் குழாய்க்குள் டமடமவென்று சத்தம் தொடங்கியதும் அழுதுவிட்டேன். "இன்னும் ரெண்டு ரவுண்டுதான் கண்ணு" என்று நீங்கள் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அசையாமல் படுத்திருந்தேன். காடோலினியம் ஊசி போட்டபோது கையில் ஏறிய குளிர்ச்சிகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊசி எதற்கு என்பதை நரம்பியல் மருத்துவர் படத்தை வைத்தே விளக்கினார். மூளையின் நீரறைகளை ஒட்டி விரல் விரலாக வெள்ளைப் புள்ளிகள், கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று. நரம்பின் மேலுறையான மயலின் சிதைந்த இடங்கள் அவை. புதிதாக அழற்சி கண்ட இடத்தில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசியும். ஊசியில் போட்ட காடோலினியம் அதன் வழியே உள்ளே புகுந்து அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். பழைய தழும்பு அப்படித் தெரியாது. எனக்கு இரண்டும் இருந்தன. அதாவது, நான் உணராமலே நோய் முன்பும் வந்து போயிருக்கிறது. ஒரு காலத்தில் இதை உறுதிசெய்ய இன்னொரு தாக்குதலோ புதிய புள்ளியோ வரும்வரை காத்திருப்பார்களாம். இந்த நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு விதிகளை 2010இல் திருத்தியபின், நோய் பல இடங்களில் இருப்பதும் வெவ்வேறு காலங்களில் வந்திருப்பதும் ஒரே ஸ்கேனில் தெரிந்தால் போதும் என்றானது. ஆனாலும் அவர் படத்தோடு நிற்கவில்லை. இதே மாதிரி தோன்றும் வேறு நோய்கள் இல்லையென்று ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் சோதித்த பிறகே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொன்னார். அந்த நிதானத்துக்குக் கைகூப்புகிறேன்.

அப்புறம், நான் பார்த்தே இராத பத்துப் பேர். 1981இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இந்த நோயுள்ள பத்துப் பேரை, இன்று எம்ஆர்ஐ என்று சொல்லும், அப்போது புதிதான காந்தக் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். சிடி ஸ்கேனில் 19 புள்ளிகள்தான் தெரிந்தன. புதிய கருவி மேலும் 112 காட்டியது. என்ன தெரியப்போகிறது என்று அறியாமலே உள்ளே போனவர்கள் அவர்கள். அந்தக் குழாயை நினைக்கும்போதெல்லாம் அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

என் வகுப்புகளைச் சேர்த்து எடுத்த சக ஆசிரியைகளே, மருந்து உடனே தொடங்க முடிந்தது. சிவப்பு பெரும்பாலும் திரும்பிவிட்டது. அடுத்த ஸ்கேன் தை மாதம். அப்பாதான் கூட வருகிறார், இந்த முறை கேள்வி எதுவும் இல்லாமல்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி, நோயாளி, தோழி