வினையெச்சத்தைத் தமிழ் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள்

பள்ளி ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

இரண்டு வாக்கியங்களைப் 'பார்ட்டிசிபிள்' (தமிழின் 'நடந்து', 'திறந்து' போன்ற வினையெச்சத்துக்கு நிகரான ஆங்கில வினைவடிவம்) கொண்டு இணைக்கச் சொன்னால், நம் பிள்ளைகள் மனப்பாடமான ஒரு வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். முதல் எழுவாயை நீக்கு, வினையோடு 'இங்' சேர், காற்புள்ளி இடு, மீதியை அப்படியே எழுது. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அதே பிள்ளை சொந்தமாகக் கட்டுரை எழுதும்போது, 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுதுகிறது. பள்ளிக்கு நடந்து போனது மழை என்றாகிவிடுகிறது!

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்காதீர்கள். 'பள்ளிக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்பது பழுதில்லாத தமிழ். நடந்தவர் ஒருவர், பெய்தது வேறொன்று. 'போகும்போது' இரண்டையும் தாங்கும். ஆங்கில 'இங்' தாங்காது. காற்புள்ளிக்குப் பின் நிற்கும் எழுவாயே இரண்டு வினைக்கும் உரியதாக வேண்டும்; இல்லையேல், 'தி சன் ஹேவிங் செட்' என்பதுபோல அதற்கென்று தனி எழுவாய் வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடும் நமக்குப் புதிதன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின், அதாவது அச்செயலைச் செய்தவரின், வினையையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பிய வினையியல். 'கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்': திறந்தவளும் போட்டவளும் ஒருத்தியே. நடுநிலை வகுப்பிலேயே தமிழாசிரியர் நடத்திய வினையெச்சம், அடுத்த பாடவேளையில் ஆங்கிலத்துக்கு ஏன் உதவக்கூடாது?

காலமும் அப்படியே விளங்கும். 'சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான்' என்பதை வெறும் 'ஈட்டிங்' என்று தொடங்கினால், சாப்பிட்டுக்கொண்டே போனதாகப் பொருள். 'விட்டு' வருமிடத்தில் 'ஹேவிங் ஈட்டன்', 'கொண்டே' வருமிடத்தில் 'ஈட்டிங்' என்று ஒருமுறை சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் பிடிபடும். கதவைத் திறந்து விளக்கைப் போடுவதுபோல் ஒன்றையொட்டி ஒன்று நடக்கும் சிறு செயல்களுக்கு 'இங்' மட்டுமே போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வினாத்தாள் அமைப்போரிடம் ஒரு வேண்டுகோள். இணைக்கக்கூடிய இணைகளையே எப்போதும் கொடுக்காதீர்கள். 'அவள் ஜன்னலைத் திறந்தாள். காற்று உள்ளே வந்தது' என்பதையும் கொடுங்கள். எழுவாய் மாறுவதைக் கண்டு 'வென்' (when) போட்டு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தாருங்கள். 'ஓப்பனிங் தி விண்டோ' என்று தொடங்கிக் காற்றின் கையில் ஜன்னலைக் கொடுக்கும் விடையை விடைக்குறிப்பிலிருந்து நீக்குங்கள்.

அன்புடன்,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவர்