உங்கள் ரிப்பேர் கலவைக்குள் கம்பி துருப்பிடித்தது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் போட்டும் மெயில் போட்டும் அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து மறுபடியும் "பில் நம்பர் சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள்.

சிமென்டைக் குறைத்து உலைச் சாம்பலும் இரும்புக் கசடும் சேர்த்த உங்கள் பச்சை மூட்டை எதுவென்று உங்களுக்கே தெரியும். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்து வீடு, சன்ஷேடுக்குப் பூசினோம். மேஸ்திரி பழைய துருவைச் சுரண்டி, கம்பி பளபளக்கும் வரை தேய்த்துவிட்டுத்தான் பூசினார். இரண்டாவது மழைக்காலத்திலேயே கம்பி ஓடுகிற கோட்டில் விரிசல், அப்புறம் பழுப்பாக நீர்வடிந்த கறை, போன மாதம் ஒரு பாளம் பெயர்ந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. பிள்ளைகள் நின்றிருந்தால்?

இன்ஜினியர் வந்து உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்தார், காங்கிரீட்டில் காரத்தன்மை இருந்தால் ரோஸ் நிறமாக்கும் மருந்து அது. கம்பிக்குப் பின்னால் இருந்த பழைய காங்கிரீட் உடனே ரோஸ் நிறமானது, உங்கள் கலவை கம்பியைத் தொடும் இடம்வரை நிறம் மாறாமல் சாம்பல் நிறமாகவே கிடந்தது. காரத்தன்மை போனால் கம்பிமேல் இருக்கும் காப்புப் படலமும் போகும், இதில் உப்புக்காற்று வேறு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பூச்சைப் பிளக்காமல் என்ன செய்யும்? இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடமா?

உங்கள் டெக்னிக்கல் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க மூட்டையில கம்பியா இருக்கு? கம்பி வித்தவங்ககிட்டப் போய்க் கேளுங்க சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்புதான் இன்னும் காதில் இருக்கிறது. அதே ஆள்தான் உடைந்த துண்டோடு மதுரை கிளைக்கு வரச் சொன்னவர். அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிப் போனால், இங்கே லேபே கிடையாது என்கிறார் வாட்ச்மேன்!

அப்புறம் க்யூரிங், அதாவது பூச்சு இறுகும்வரை தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது. மூட்டையில் 3 நாள் என்று அச்சடித்தது நீங்கள். சிமென்டோடு சாம்பல், கசடு கலந்தால் குறைந்தது 10 நாள் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. இப்போது சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

என் வாழ்நாள் சேமிப்பே இந்த வீடுதான், அதை நாசமாக்கிவிட்டீர்கள். ஒரு நல்ல பொறியாளரை அனுப்பிப் பார்வையிட்டு, உடைத்துப் பூசும் செலவை ஏற்றுக்கொள்ளும்படி பணிவாகக் கேட்கிறேன். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத்தான், பினாப்தலீன் தெளித்த வீடியோவும் சாக்கில் அந்தத் துண்டும் பத்திரமாக இருக்கின்றன.

ஆள் அனுப்பும்போது அந்தச் சிரித்த சாரை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாடிக்கையாளர்