சுண்டலுக்கு வெயில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், ஃப்ளாட்டில் வளர்க்கத் தோதான சின்ன நாய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஷிட்ஸூவைப் பற்றி எழுதும்போது 'அதிகம் வேலை வைக்காத நாய்' என்று ஒரு வரி. அதைப் படித்த நேரத்தில் நான் தரையில் உட்கார்ந்து எங்கள் வீட்டு ஷிட்ஸூவுக்குக் காதுக்குப் பின்னால் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

டெல்லி மயூர் விஹாரில் நாலாவது மாடி எங்களுக்கு. நாயின் பெயர் சுண்டல். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி முதல் நாளிலிருந்து 'சுந்தர், சுந்தர்' என்றுதான் கூப்பிடுகிறார், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு போகிறது, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நாலு வயது, ஆறு கிலோ. ஃப்ளாட்டுக்குத் தோதானது என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஓட மைதானம் கேட்காது, யார் காலடியிலாவது படுத்துக் கிடந்தால் போதும் அதற்கு. திபெத்துப் பக்கத்திலிருந்து சீன அரண்மனைக்குப் போய், மடியில் உட்காருவதையே தொழிலாகக் கொண்டிருந்த பரம்பரை. ஷிட்ஸூ என்ற பெயருக்குச் சீன மொழியில் சிங்கம் என்று பொருள். எங்கள் சிங்கம் குக்கர் விசில் அடித்தால் சோஃபாவுக்கு அடியில் போய்விடும்.

ஆனால் டெல்லி வெயிலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லையே! நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், இதற்கோ மூக்கு சப்பை, உள்ளே மூச்சுப்போகிற வழியும் குறுகல், அதனால் எவ்வளவு இரைத்தாலும் சூடு தணியாமல் இரைக்கிற சிரமத்திலேயே இன்னும் சூடேறும். போன வருஷம் மே மாதம் தடுப்பூசி போட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது மணி பதினொன்று. வந்து பார்த்தால் கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. தூக்கிக்கொண்டுதான் நாலு மாடியும் ஏறினேன், ஒரு அடிகூட நடக்கவிடவில்லை. வீட்டுக்குள் இறக்கிவிட்டால் நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்கிறது. நாக்கு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது, எச்சில் கஞ்சி மாதிரி நூலாக வடிகிறது. குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது! குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை எடுத்து வயிறு, அக்குள், பாதம் எல்லாம் நனைத்தேன், என் பெண் பரீட்சை அட்டையை எடுத்து வீசிக்கொண்டே இருந்தாள், நாக்கு மெல்லச் சிவந்த பிறகு திரும்பவும் டாக்டரிடம் ஓடினோம். முதலில் நனைத்துவிட்டுக் கூட்டிவந்தீர்களே, அதுதான் காப்பாற்றியது என்றார்.

அப்புறம்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஏப்ரலிலிருந்து காலை ஐந்தரைக்கு ஒரு நடை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒரு நடை, அவ்வளவுதான். ராத்திரியானாலும் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லையென்றால் திரும்பிவிடுவோம். ஏசி பில்லைப் பற்றி என் கணவர் உங்களுக்குத் தனியாக எழுதுவார்.

முடிக்கு வருகிறேன். மற்ற நாய்களைப்போல வீடெல்லாம் உதிர்க்காது என்பது உண்மை. நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும், உதிர்கிற கொஞ்சமும் கீழே விழாமல் உள்ளேயே மாட்டிச் சிக்காகும். தினமும் பதினைந்து நிமிஷம் ஸ்டீல் சீப்பு, சிக்கின் அடிமுடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வார வேண்டும், இல்லாவிட்டால் தோல் இழுபட்டுக் கத்தும். கண்ணில் விழுகிற முடியைத் தூக்கி உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். ஊரிலிருந்து வந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றார். அவர் கையில் பிஸ்கட் இருந்தது, குடுமி ஆடத்தான் செய்தது.

கண் இன்னொரு பாடு. பெரிய கண், ஆழமில்லாத குழி, அதனால் ஒரு முடி குத்தினாலே புண்ணாகிவிடும். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் கண் பிதுங்கி வெளியே வந்துவிடக்கூடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கழுத்துப்பட்டையையும் விட்டுவிட்டு மார்போடு மாட்டுகிற ஹார்னஸ்தான். சாப்பாட்டில் நம் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வெங்காய சாம்பார் சாதம் கூடாது, சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற திராட்சை கூடவே கூடாது, சிறுநீரகம் போய்விடும்.

வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். விற்றவர் இரண்டு மாசக் குட்டி என்றார். டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பால் பல்லே முழுசாக வரவில்லை, ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. தாயைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கடைசியாக, கட்டுரையோடு நீங்கள் போட்ட படத்தில் இருப்பது ஷிட்ஸூ இல்லை சார், லாசா அப்ஸோ. அதற்கு முகவாய் கொஞ்சம் நீளம், தலை ஒடுக்கம், கண் சின்னது. ஷிட்ஸூவுக்கு மூக்கின் மேல் முடி மேல்நோக்கி முளைத்து, முகமே விரிந்த சாமந்திப்பூ மாதிரி இருக்கும். 1930களில் இங்கிலாந்துக்காரர்களே முதலில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பியவர்கள்தான், அதனால் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வேறு படம் வேண்டுமென்றால் சுண்டலின் படம் ஒன்று அனுப்புகிறேன், குடுமியோடு.

இப்படிக்கு,
மயூர் விஹார் வாசகி,
டெல்லி