வற்றல் போட்ட கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்.கே.ஜி. படிக்கும் என் பேத்திக்குக் கோடை விடுமுறையில் முடிக்கச் சொல்லி இரண்டு பயிற்சி ஏடுகள் வந்திருக்கின்றன. புள்ளியைத் தொட்டு எழுதி எழுதி விரல் வலிக்கிறதென்று அழுகிறாள்.

அதே பிள்ளை, போன வாரம் மொட்டை மாடியில் நாங்கள் கூழ் வற்றல் போட்டபோது ஒரு மணி நேரம் நகரவில்லை. ஆறிய கூழைச் சின்னக் கரண்டியில் மொண்டு, பழைய வேட்டியில் வட்டம் வட்டமாக ஊற்றினாள். வரிசைக்கு எத்தனை என்று எண்ணினாள் (பதினொன்றுக்குப் பிறகு நேரே பதினைந்து, போகட்டும்). காக்காய் விரட்டினாள். மாலையில் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது, "காலையில இருந்த ஈரம் எங்க போச்சு பாட்டி?" என்றாள். எந்த ஏட்டில் இருக்கிறது இந்தக் கேள்வி?

பென்சில் பிடிக்கும் பலம், பட்டாணி உரிக்கிற, மாவு உருட்டுகிற விரலுக்குத் தானே வரும். ஆடியில் அவரை விதை ஊன்றலாம், ஐப்பசி மழையில் காகிதக் கப்பல் விடலாம், மார்கழியில் கோலப்புள்ளி வைக்கலாம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் எண்ணும் கூட்டலும் இருக்கின்றன. சோழியை வாயில் போடாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி விளையாட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகளுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

ஏடுகளை மூடி வைத்துவிட்டேன். ஜூனில் கேட்டால் ஒரு டப்பா வற்றல் கொடுத்தனுப்புவதாக இருக்கிறேன்.

- ஒரு பாட்டி, கும்பகோணம்